விளக்கு இறக்காத குழி

எங்கள் பக்கத்தில் ராகியைக் குழியில்தான் போட்டு வைப்போம். வாசலில் இரண்டு ஆள் ஆழம் தோண்டி, வைக்கோல் பரப்பி, ராகியைக் கொட்டி, குறுகலான வாயைக் கல்லால் மூடிச் சாணிமண் பூசிவிட்டால் வருஷக் கணக்கில் கெடாது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. குழியைத் திறந்த அன்று யாரும் இறங்கக் கூடாது. உள்ளே முனி இருக்கிறான், அவன் வெளியே போக ஒரு பகல் விட வேண்டும் என்பார்கள்.

நான் போர்டு பள்ளிக்கூட வாத்தியார். முனியை நம்பாதவன். என் மகள் பாஞ்சாலிக்கு எட்டு வயதானபோது ஒரு செம்புக்குள் அகல் ஏற்றி வைத்துத் தட்டால் மூடினேன். திறந்தபோது சுடர் இல்லை.

“முனி ஊதிட்டானா?” என்றேன்.

“செம்புக்குள்ள முனி எப்படிப்பா பூந்தான்? காத்து தீந்துபோச்சு.”

குழியிலும் அதேதான் என்று சொல்லிக்கொடுத்தேன். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். விளக்கு அணைகிற இடத்தில் மனிதனும் பிழைக்க மாட்டான். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேள், நான் சொன்னாலும் கேள் என்றேன்.

கேட்டாள். எங்கள் பண்ணையாள் காளியனுக்கு ஏன் தண்ணீரைக் கையில் ஊற்றுகிறோம், செம்பைக் கொடுத்தால் என்ன என்று கேட்டபோது என் மனைவி தீர்த்தம்மாள் முறைத்தாள். நான் கேள்வியைப் பாராட்டினேன். செம்பைக் கொடுக்கவில்லை.

“வாத்தியாரே, உங்க பொண்ணுக்கு வக்கீல் மாப்பிள்ளையா பாருங்க. மத்தவன் எவன் பதில் சொல்லி மாளுவான்?” என்பார் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன். எனக்குப் பெருமையாக இருக்கும்.

நாற்பத்து நாலாம் வருஷம். சண்டைக் காலம். ரெவின்யூ ஆட்கள் வீடு வீடாகத் தானியத்தை அளந்து, சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தைச் சர்க்காருக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் கருப்பண்ணன் வேலியோரம் வந்து, “நல்லம்பள்ளிய முடிச்சிட்டாங்களாம். உச்சிக்குள்ள இங்க வந்துடுவாங்க” என்றார். என் குழியில் யாருக்கும் சொல்லாத ராகி பாதிக்கு இருந்தது. அதற்குள் வைக்கோல் போருக்கு மாற்றிவிட நினைத்தேன்.

கல்லைப் புரட்டிய காளியன் தயங்கி நின்றான்.

“முனி போவட்டுங்களே, சாமி. நாளைக்கு எறங்கறனே.”

“முனியும் இல்ல, சனியும் இல்ல. எறங்குடா.”

பாஞ்சாலி மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். “அப்பா, வெளக்கு எறக்கலியே?”

“நேரமில்ல. உள்ள போ.”

“முனி இல்லேன்னா கெட்ட காத்து இல்லாம போயிடுமாப்பா?”

“வாய மூடு. எதுக்கெடுத்தாலும் கேள்வி!”

அதற்கு முன் அவளை நான் அப்படி அதட்டியதில்லை. காளியன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மேல்துண்டை எடுத்துக் கல்மேல் வைத்துவிட்டு இறங்கினான். ஒரு கூடைகூட மேலே வரவில்லை. கொக்கி போட்டு இழுத்து எடுத்தபோது உயிர் இல்லை.

ரெவின்யூ ஆட்கள் அன்று வரவேயில்லை.

பொழுது சாய்வதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. காளியன் ஆடியில் முனிக்குக் கோழி நேர்ந்துகொண்டு கொடுக்காமல் விட்டானாம். கணக்கை முனி தீர்த்துக்கொண்டானாம். நான் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காளியன் மனைவி செல்லி வாசலில் வந்து நின்றாள்.

“ஊரே சொல்லுதுங்க, சாமி. நீங்க படிச்சவங்க. முனி கினி இல்லேங்கறவங்க. நீங்க சொன்னா நம்பறேன். எங்க வூட்டு ஆளு கோழி தராததாலதானுங்களா?”

கதவுக்குப் பின்னால் பாஞ்சாலி நின்றிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் விளக்கைச் சொல்ல வேண்டும். விளக்கைச் சொன்னால், எதற்கு அந்த அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

“இருக்கும், செல்லி” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “அப்போ ஆட்டையே குடுத்துடறனுங்க. புள்ளைங்களையாச்சும் வுட்டு வெக்கட்டும்.”

அவளிடம் இருந்தது அந்த ஓர் ஆடுதான். திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அதன் பிறகு பாஞ்சாலி என்னிடம் எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் தாயோடு போய் முனிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். “இப்பத்தான் பொண்ணு பொண்ணா இருக்குது” என்று கருப்பண்ணன் மெச்சினார்.

மறு வருஷம் குழியைத் திறந்தோம். இறங்க வந்தவன் செல்லியின் தம்பி மாதப்பன். விளக்கு எடுக்க நான் திரும்புவதற்குள், கயிற்றில் கட்டிய அகலோடு பாஞ்சாலி வந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் குழி ஓரம் மண்டியிட்டு விளக்கை இறக்கினாள்.

“எதுக்கு பாப்பா வெளக்கு?” என்றான் மாதப்பன்.

“முனிக்கு.”

பாதி ஆழத்தில் சுடர் போய்விட்டது. கயிற்றை நிதானமாக மேலே இழுத்தாள்.

“இன்னும் போவல. ஒக்காருங்க” என்றாள்.

அவன் குழியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். உச்சி சாய்ந்து மூன்றாம் முறை இறக்கியபோதுதான் சுடர் அடிவரை நின்று எரிந்தது. அதுவரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன். முனி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.