தாழ்ப்பாள் உள்ள வீடு

கல்யாணமாகி எங்களுக்குக் கிடைத்த அறைக்குச் சுவர் மூன்றுதான். நாலாவது சுவர், என் கணவனின் மதினி செல்வராணியின் பழைய சேலை.

அது என் கணவன் பிரகாஷின் அண்ணன் வீடு. தூத்துக்குடியில் அவருடைய பலசரக்குக் கடைக்கு மேல்மாடி. தங்கமான மனிதர்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தச் சேலையை விலக்கிக்கொண்டு மதினி வெங்காயம் எடுக்க வருவாள், பிள்ளைகள் பந்து தேடி வருவார்கள். ஒருநாள் பிரகாஷ் என் காதருகே குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். திரைக்கு வெளியே நின்று அண்ணன், "ஏலே, நாளைக்குக் காலை ஷிப்டா?" என்று கேட்டார். பிரகாஷ் வேலை பார்க்கும் சாகுபுரம் கம்பெனி பஸ்ஸின் நேரத்தை இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். சொல்ல வந்தது அப்படியே போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டும் பிரகாஷ் சிரித்து மழுப்பினான்.

எனக்கு வேண்டியது ஒரு படுக்கையறை, அதற்கு ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தேடினோம். ஒரு வீட்டில் மீன் சமைக்கக் கூடாதாம். தூத்துக்குடியில் இருந்துகொண்டு! இன்னொரு வீட்டில் படுக்கையறைக்குள் உரிமையாளரின் பீரோ இருந்தது. தினமும் காலையில் வந்து சட்டை எடுத்துக்கொள்வேன், மற்றபடி தொந்தரவே இல்லை என்றார் அவர்.

இதற்குள் ஆனி முடியப் போனது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். போதாததற்கு அம்மா வந்து புதுப்பெண்ணை ஆடிக்கு ஊருக்குக் கூட்டிப்போய்விடுவாள். ஆவணியில் திரும்பினால் மறுபடியும் அதே சேலைதான். நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

கடைசியில் பீச் ரோட்டுக்குப் பின்னால் ஜேசுபாதம் அண்ணாச்சி வீட்டு மாடி அகப்பட்டது. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போன மாலையில் கரண்ட் இல்லை, செல்போன் வெளிச்சத்தில்தான் பார்த்தோம். எல்லாம் பிடித்தது. படுக்கையறைக்கு மட்டும் நிலை இருந்தது, கதவு இல்லை. உப்புக்காற்றில் வீங்கிப்போனதால் கழற்றி ஆசாரியிடம் கொடுத்திருப்பதாகவும், எப்படியும் வந்துவிடும் என்றும் சொன்னார். அதுவரை ஒரு திரை போட்டுக்கொள்ளலாம் என்றான் பிரகாஷ். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டான். ஆனாலும் வேறு வழியில்லை, சரி என்றோம்.

பால் காய்ச்சும் நாள் காலையில் அண்ணாச்சி கோயிலில் பூசைக்குப் போயிருந்தார். கீழே தன் வீட்டு வாசலில் மாதா படத்தின் ஆணியில் சாவி தொங்குவதாகப் போனில் சொன்னார். இரண்டு தொங்கின. ராகுகாலம் பிறக்கப் போகிற அவசரத்தில் பிரகாஷ் ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடினான். நாங்கள் பார்த்திருந்த முதல் மாடியில் அது திறக்கவில்லை. இரண்டாம் மாடியில் திறந்தது. இருட்டில் வந்ததால் மாடியை நாம்தான் தப்பாக நினைத்திருக்கிறோம் என்று சமாதானம் சொன்னான். அதைக் காதில் வாங்க எனக்கு எங்கே நேரம்? உள்ளே படுக்கையறைக்குக் கதவு இருந்தது. பச்சை பெயின்ட், பித்தளைத் தாழ்ப்பாள். அண்ணாச்சி சொன்னபடி மாட்டிவிட்டார் என்று குதித்தேன்.

பால் கிழக்கே, கடல் பக்கமாகப் பொங்கி வழிந்தது. குலவை போட வேறு ஆளில்லை, நானே போட்டேன். ஜன்னலில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து வாசலில் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். முதலில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவேனா? உட்கார வைத்து, டம்ளர் நிறையப் பாலும் இரண்டு முந்திரி மக்ரூனும் கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்லா இருங்க என்று வாழ்த்தினார்.

அப்புறம்தான் ஜேசுபாதம் அண்ணாச்சி மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் இன்னொரு சாவி.

"ஏலே, இது பேங்க் சாருக்குச் சொன்ன வீடுல்லா. ஒங்களுக்குக் கீழ உள்ளது."

பெட்டிக்காரர்தான் பேங்க் சார். பெயர் சொரிமுத்து, தென்காசியிலிருந்து மாற்றலாகி வந்தவர். பிரகாஷ் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைத் தூக்கப் போனான். நான் நேராகப் போய்ப் பச்சைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"சார், கீழ் வீட்டு ரூமுக்குக் கதவு இல்ல. எங்களுக்கு ஒரு கதவு வேணும் சார்" என்றேன்.

பிரகாஷின் காது இரண்டும் சிவந்துபோயின. அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். சொரிமுத்து சார் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம் பொஞ்சாதி தென்காசில இருக்கா. நான் ஒத்தயாளு, கதவச் சாத்தி யாருகிட்ட ஒளியப் போறேன்? ஒங்க வீட்டுப் பாலக் குடிச்சிட்டு ஒங்களயே எறங்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

இன்னொரு மக்ரூனை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி, அண்ணாச்சியோடு கீழே இறங்கினார்.

நான் பிரகாஷை அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன். கட்டில் இல்லை, பாய்கூட இல்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. அன்றைக்கு என் காதில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். அவன் குனிந்தான்.

அறைக் கதவு தட்டப்பட்டது. பால் குடிக்க வந்த பிரகாஷின் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து எங்களைத் தேடி வந்த ஒருவர் கதவைத் தட்டியது அன்றுதான் முதல் தடவை.

"அத்தான், கொஞ்சம் இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, பிரகாஷிடம், நீங்க சொல்லுங்க என்றேன்.

இந்தத் தடவை அவன் முழுசாகச் சொல்லி முடித்தான்.