வேலையில்லாதோர் இல்லாத ஊர்

சீமையில் எங்கேயோ ஒரு பேங்கு விழுந்ததாம். திருப்பூரில் மிஷின் நின்றது. பன்னிரண்டு வருஷம் பனியன் தைத்த ஜூலியட், ரெண்டு பைகளோடு குடவாசலுக்குத் தெற்கே, பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தாள். வந்த இடத்தில் நடவுக்கும் மிஷின், வாய்க்கால் தூர் வாரப் பொக்லைன். வேலை பழகின கையை எங்கே கொண்டுபோய் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

வேலை போய் ஊர் திரும்பியவர்களுக்கு உள்ளூரிலேயே வேலை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஒரே நிபந்தனை, கிராம சபைத் தீர்மானத்தில் பேர் ஏற வேண்டும். அதற்காகவே, சபை கூடும் மே முதல் தேதி காலையில் ஊராட்சி அலுவலக வாசலுக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். வழக்கம்போல நோட்டில் மேலே தீர்மானம் எழுத இடம் விட்டுக் கீழே கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் டீ, ஒரு பொட்டலம் காராபூந்தி. முதல் கையெழுத்து அவளுடையது.

கூட்டத்தில் ரெண்டு கட்சிக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

"டெல்லி பணத்தை விடல."

"விட்டதை மெட்ராஸ் முழுங்கிடுச்சு."

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் பல்லு விழுந்துடும்யா," என்றாள் நடவாள் அமிர்தம்.

"அதான் எப்பவோ விழுந்துடுச்சே, பெரியம்மா," என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜூலியட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரமாக யார் குற்றம் என்றுதான் பேச்சு. யாருக்கு வேலை என்று ஒரு வாயும் கேட்கவில்லை. எழுந்தாள்.

"சார், எம் பேரு ஏறிடுச்சா? தீர்மானத்தை வாசிங்க."

சண்டை நடந்த நேரத்தில், மேலேயிருந்து வந்த தாளைப் பார்த்து எழுதி முடித்திருந்தார் ஊராட்சிச் செயலர் தியாகேசன். வாசித்தார்: "நெருக்கடியில் அரசு எடுத்த நடவடிக்கைகளைச் சபை பாராட்டுகிறது. இவ்வூராட்சியில் வேலையில்லாதோர் எவரும் இல்லை."

"அதுக்குக் கீழயா என் கையெழுத்து?"

"முதல் கையெழுத்தே உங்களுதும்மா. வந்த வாசகம் அது. மாத்துனா எனக்கு மெமோ வரும்."

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, தன் பேருக்குப் பக்கத்தில் எழுதினாள்: வேலை இல்லை.

"எனக்கும் அதையே எழுதுடி," என்றாள் அமிர்தம். "எனக்குப் பேரு போட மட்டுந்தான் தெரியும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். ரெண்டு கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். தியாகேசன் தடுக்கவே இல்லை.

"எழுதுங்க, எழுதுங்க. மேல போறது நான் டைப் அடிக்கிற காப்பிதான்."

ஜூலியட் உள்ளே போய், அவருடைய கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடிங்க சார். பார்த்துக்கிட்டே இருக்கேன். எனக்குத்தான் வேலை இல்லையே."