ஃபெலிஸ்டாவின் விரலில் ஐம்பத்தெட்டு

1

ஃபெலிஸ்டா என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல். ஆமாம், அல்லது இல்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். அதற்குப் பதிலாக நான் ஒரு வாரமாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, பராஃபு முகாம்ல அன்னைக்கு என் விரல்ல மெஷின மாட்டி ஐம்பத்தெட்டுன்னு வாசிச்சியே. நெசமாவே அதான் இருந்துச்சா?"

"ரெண்டு மாசம் கழிச்சு இப்ப எதுக்கு அது?"

"வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை ஒரு கூட்டத்தக் கூட்டிட்டு மலையேறச் சொல்றாரு மசாவே. நீ வாசிச்சது நெசம்னா நான் மலைய விட்டுடறேன். ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு. நெசம் இல்லேன்னா போறேன். நீ வாயால சொல்லாத. உன் மூஞ்சியப் பாத்து நானா எதையாவது நெனச்சுக்குவேன். எழுதிக் குடு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

மசாவே எங்கள் முதலாளி. மோஷி நகரில் அவருடைய அலுவலகச் சுவரில் ஃபெலிஸ்டாவின் படம் மாட்டியிருக்கிறது. கீழே எழுதியிருப்பது: 'இறங்கி வரத் துணிந்த வழிகாட்டி.' அன்று ஏழு பேரை உச்சிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். எனக்குப் படம் இல்லை. கதை இங்கிருந்துதான் தொடங்கியது. வேறு உயர்ந்த காரணம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

2

முதல் தொடக்கம்: "கிளிமஞ்சாரோ எங்களை அழைத்தது. பனி மூடிய அதன்—"

அடித்துவிட்டேன். மலை யாரை அழைத்தது? மசாவேதான் போனில் அழைப்பார். அதுவும் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, நாம் திருப்பிக் கூப்பிடட்டும் என்று காத்திருப்பார்.

இரண்டாம் தொடக்கம்: "தலைக்கனம் பிடித்த ஃபெலிஸ்டா, தன் கீழ் வேலை பார்ப்பவர்களை—"

இதையும் அடித்தேன். அந்த வாக்கியத்தை முடிக்க ஒரு சம்பவம் வேண்டும். இரண்டு நாள் யோசித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "எனக்குப் பொறாமை."

இதை அடிக்கவில்லை.

3

ஒரு பாத்திரத்தைக் கெட்டவளாக எழுதுவது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஃபெலிஸ்டாவுக்கு என்ன குறை? கூட வருகிறவர்களின் பெயரை ஒரு தடவை கேட்டால் போதும், மறக்க மாட்டாள். தலையில் மூட்டை சுமக்கும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் தட்டிலிருந்தே உகாலிக் களியைப் பிய்த்துச் சாப்பிடுவாள். பாட ஆரம்பித்தால், மூச்சு வாங்கி நிற்பவர்கள்கூட அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். நான் பாடினால் காக்கைதான் திரும்பிப் பார்க்கும்.

என் மாமியார் இருக்கிறாரே, எனக்கு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் இல்லை. ஃபெலிஸ்டா வந்தால் மட்டும் உள்ளே ஒளித்து வைத்த வாழைப்பழக் கள் வெளியே வரும். "இந்தப் பொண்ணு கால் வச்சாலே வீடு கலகலன்னு ஆயிடுது" என்பார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் கால் வைத்துக்கொண்டிருப்பவள் நான்.

நான் மலைக்கு வந்தது அவளுக்கு இரண்டு வருடம் முன்னால். ஹிமோ சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தவளை, "சுமை தூக்க வர்றியா?" என்று கேட்டுக் கூட்டிவந்ததே நான்தான். இருவரும் ஒரே வருடம் வழிகாட்டித் தேர்வு எழுதினோம். எனக்கு அவளைவிட மூன்று மதிப்பெண் அதிகம்.* தலைமை வழிகாட்டி ஆனது அவள். நான் இரண்டாவது.

(* நான்கு. மூன்று என்று போட்டால் கொஞ்சம் அடக்கமாகத் தெரியுமே என்று பார்த்தேன்.)

4

டார் எஸ் சலாமிலிருந்து ஏழு ஆசிரியைகள் வந்தார்கள். வழிகாட்ட, சமைக்க, சுமக்க எல்லாமே பெண்கள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மச்சாமே வாசலில் பெயர் பதிந்து ஏறத் தொடங்கினோம். முன்னால் ஃபெலிஸ்டா, பாட்டோடு. கடைசியில் நான், முழங்கால் வலிக்கிற ருக்கியா டீச்சரோடு. இரண்டாவது வழிகாட்டியின் இடம் வால்தான். முன்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வரும், என்ன ஜோக் என்று நமக்குத் தெரியாது.

முதல் நாள் சாயங்காலம் சமையல்காரி அப்போலோனியா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்னடி இது, நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல, உன் காதுல இருந்து புகை வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெலிஸ்டா மட்டும் சிரிக்கவில்லை. "விடு அப்போலோனியா, அக்கா அலுப்பா இருக்கும்" என்று எனக்காகப் பேசினாள். எனக்கு இன்னும் எரிந்தது.

மூன்றாம் நாள் எரிமலைப் பாறைக் கோபுரத்தைத் தாண்டியதும் பாட்டு நின்றது. காற்று அதிகம், அதனால் என்று நினைத்தேன். நான்காம் நாள் பாரங்கோ பாறைச் சுவரில், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறக்கூடிய இடத்தில், அவள் கால் வழுக்கியது. ஐந்தாம் நாள், உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபு வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். ருக்கியா டீச்சரைப் பார்த்து, "ஹலிமா டீச்சர், டீ குடிச்சீங்களா?" என்று கேட்டாள். பெயர் மறக்காத ஃபெலிஸ்டா.

உயரம் தலைக்கு ஏறினால் இப்படித்தான் ஆகும். முதலில் தலைவலி, பிறகு தடுமாற்றம், பிறகு மறதி. அப்புறமும் ஏறினால் பிணமாகத்தான் இறங்க வேண்டும். இதைத் தெரிந்தவள் நான். அவள் பெயர் மாற்றிச் சொன்ன அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதாவிட்டால் இந்தக் கதையை எழுதி என்ன பயன்?

சந்தோஷமாக இருந்தது.

5

நடக்கிறவர்களின் விரலில் தினமும் சாயங்காலம் கருவியை மாட்டுவோம். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும். பராஃபு உயரத்தில் எழுபத்தைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. அறுபதுக்குக் கீழே போனால் பேச்சே இல்லை, இறக்கிவிட வேண்டும். ஆனால் வழிகாட்டியின் விரலில் யாரும் மாட்டுவதில்லை. தலை வலிக்கிறது என்று ஒரு வழிகாட்டி சொன்னால், அடுத்த வருடம்வரை "என்ன டூரிஸ்ட், சௌக்கியமா?" என்றுதான் மோஷி முழுக்கக் கூப்பிடுவார்கள்.

அன்று மாலை நான்கு மணி. சாப்பாட்டுக் கூடாரத்தில் ஏழு பேரையும் பார்த்தாயிற்று. எல்லோரும் நன்றாக இருந்தார்கள். அப்போது ஃபெலிஸ்டா உள்ளே வந்தாள்.

"நீயும் கைய நீட்டு" என்றேன்.

"எனக்கு எதுக்குக்கா?"

"டீச்சர் பேர மாத்திச் சொன்னே. நேத்து கால் வழுக்குச்சு. நீட்டு."

"என் எடத்துல வந்து உக்கார அவ்வளவு அவசரமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அப்போலோனியா சிரிக்கவில்லை. "ஆறு வருசமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கா" என்றாள்.

ஃபெலிஸ்டா கையை நீட்டினாள். கருவியின் முகம் என் பக்கம் இருந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். "ஐம்பத்தெட்டு" என்று சொல்லிக் கழற்றிவிட்டேன்.

ஃபெலிஸ்டா என்னைப் பார்த்தாள், பிறகு அந்த ஏழு பேரையும் பார்த்தாள். "சரி. உங்களுக்கு நான் சொல்ற சட்டம்தான் எனக்கும். அக்கா உங்கள மேல கூட்டிட்டுப் போவா. என்னைவிட நல்லாவே கூட்டிட்டுப் போவா" என்றாள். இரண்டு பேர் துணையோடு வெளிச்சம் இருக்கும்போதே, இறங்கும் வழியான ம்வேகா பக்கம் இறங்கிப் போனாள். ஆசிரியைகள் கை தட்டினார்கள். ருக்கியா டீச்சர் அழுதார்.

மறுநாள் விடிந்தபோது ஏழு பேரும் உச்சிப் பலகையின் முன்னால் நின்றார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. முழங்கால் வலிக்கிற ருக்கியா டீச்சரின் கையைப் பிடித்து, போலே போலே, மெல்ல மெல்ல என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு அடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மேலே போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஃபெலிஸ்டா இருந்திருக்கணும்."

6

இனி முடிவுகள். எழுதிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முடிவு அ: அன்று பராஃபுவில் நான் வாயைத் திறக்கவில்லை. ஃபெலிஸ்டா மேலே போகிறாள், உச்சிக்கு இருநூறு அடி கீழே சரிகிறாள். அவள் சாவுச் சடங்கை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுத எழுத, ஊரே திரண்டு வந்து அவளைப் புகழ்கிறது. என் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். செத்தும் அவள்தான் முன்னால். கிழித்துப் போட்டேன். (கிழித்ததற்கு இன்னொரு காரணம், அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் அழுதுவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

முடிவு ஆ: கருவியில் எண்பத்திரண்டு இருந்தது, நான் ஐம்பத்தெட்டு என்று பொய் சொன்னேன். இப்போது அவள் காலில் விழுந்து ஒப்புக்கொள்கிறேன். அவள் என்னைத் தூக்கி அணைத்து மன்னித்து—

வேண்டாம். மன்னித்தும் அவளே பெரியவளாகிவிடுவாள். தவிர, நான் பொய் சொல்லவில்லை. கருவியில் இருந்தது ஐம்பத்தெட்டுதான். என் தாய்மேல் ஆணை.

அப்படியானால் 'ஆமாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

7

ஐந்தாம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்துபோய் அல்ல.

விரல் சில்லிட்டிருந்தால் கருவி குறைத்துக் காட்டும். இது வழிகாட்டிகளுக்கு அரிச்சுவடி. அதனால் நடக்கிறவர்களின் கையில் முதலில் சூடான டீக்கோப்பையைக் கொடுப்போம். விரலில் ரத்தம் ஓடியதும் மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுத்து, இரண்டு தடவை பார்த்த பிறகே சொல்லுவோம். அன்று ஏழு பேருக்கும் அப்படித்தான் செய்தேன்.

ஃபெலிஸ்டா அப்போதுதான் கரங்கா ஓடையிலிருந்து சுமந்து வந்த தண்ணீரை வெளியே நின்று பங்கு பிரித்துவிட்டு வந்திருந்தாள். அவள் கை கல்லாகக் கிடந்தது. பிடித்தவள் நான், எனக்குத் தெரியாதா? பக்கத்திலேயே டீ இருந்தது. கொடுக்கவில்லை. மாட்டினேன், ஐம்பத்தெட்டு வந்தது, உடனே கழற்றினேன். எனக்கு வேண்டிய எண் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எழுபத்தெட்டு வந்திருக்கலாம். ஐம்பத்தைந்தும் வந்திருக்கலாம்.

பெயர் மறந்தது நிஜம். கால் வழுக்கியது நிஜம். ஆனால் ஐந்து நாள் கூட்டத்துக்கு முன்னால் ஏறுகிற எவளுக்கும் களைப்பில் அது நடக்கும். அவள் விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு வேறு என்ன தெரியும்? கீழே இறங்கி மறுநாளே அவள் தெளிந்துவிட்டாள். உயரம் தாக்கியவளும் அப்படித்தான் தெளிவாள், களைத்தவளும் அப்படித்தான் தெளிவாள். மோஷி டாக்டர் பார்த்துத் தொண்ணூற்றேழு என்றாராம். கீழே எல்லோருக்கும் தொண்ணூற்றேழுதான். மறுபடி ஏறினால்தான் தெரியும், ஏறிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

8

இன்று ஞாயிறு. இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. 'ஆமாம்' என்று மட்டும் எழுதி நான்காக மடித்த ஒரு தாள். இந்த நோட்டு.

தாளைக் கொடுத்தால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவள் தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஹிமோவுக்குப் போய்விடுவாள், உயிரோடு இருப்பாள். வியாழக்கிழமை முன்னால் நடப்பவள் நான்.

நோட்டைக் கொடுத்தால் ஏழாம் பகுதியைப் படித்துவிட்டு, "ச்சீ, இதுக்குத்தானா?" என்று சிரிப்பாள். எனக்கு அவளைத் தெரியும். வியாழக்கிழமை ஏறிவிடுவாள். நான் வாலில் போவேன். ஐந்தாம் நாள் அவள் யாருடைய பெயரையாவது மாற்றிச் சொல்கிறாளா என்று பின்னாலிருந்து காது கொடுத்துக்கொண்டே போவேன். அப்போது என் மனம் எதை வேண்டிக்கொள்ளும் என்று இப்போதே சத்தியம் செய்ய முடியவில்லை.

வாசலில் அவள் குரல் கேட்கிறது. என் மாமியார் உள்ளே கள் எடுக்கப் போகிறார். "அக்கா, எழுதிட்டியா?" என்கிறாள் ஃபெலிஸ்டா.

"எழுதிட்டேன்" என்கிறேன்.

"ஒரு வார்த்தைதானே? குடு."

எதைக் கொடுப்பது? சொல்லுங்கள். இத்தனை பக்கம் என்னோடு ஏறி வந்திருக்கிறீர்கள், வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படி? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முழுக்கப் படித்துவிட்டீர்கள் என்பதால், அவளும் படித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.