கொலிச் கோல்கீப்பரின் பாரம்

கொலிச்சின் கோல்கீப்பர் ஜசிந்தனுக்கு, ஆட்கள் நேரலையில் பார்க்கப் பார்க்க உடம்பில் பாரம் ஏறும். கொஞ்சப் பேர் பார்த்தால் பூட்ஸ் புல்லில் பதியும். கனபேர் பார்த்தால் பந்துக்குப் பாய ஏலாது. லண்டனும் ரொறன்ரோவும் எழும்பியிருந்து பார்த்தால் கணுக்கால் வரை மண்ணுக்குள் இறங்கிவிடுவார். ஒருவரும் பார்க்காவிட்டால் ஆள் பஞ்சு. சிட்னியில் பிளாக்டவுன் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு இது இப்போது பழகிப்போன சங்கதி. அரிசி விலை ஏறினதைக் கதைக்கிற அதே குரலில்தான் இதையும் கதைக்கிறார்கள். தொடக்கத்தில் இதால் பட்ட ஆக்கினை கொஞ்சநஞ்சமல்ல.

கொலிச் என்பது யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம். பெயர் சொல்லத் தேவையில்லை, அங்கே படித்தவர்களும் சொல்வதில்லை. உலகத்தில் கொலிச் என்று ஒன்றுதான் உண்டு, மிச்சமெல்லாம் பள்ளிக்கூடம் என்பது அவர்களின் எண்ணம். இதே எண்ணத்தோடு வேறு ஏழெட்டுக் கொலிச்சுகளின் பழைய மாணவர்களும் சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருந்தபடியால், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு உதைபந்தாட்ட லீக் நடக்கிறது. முதல் நாலு இடத்துக்குள் வந்தால் பிளே-ஓஃப், வராவிட்டால் அடுத்த குளிர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஜசிந்தன் படகில் வந்தவர். கொலிச்சில் எட்டாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போனவர் என்பதால், அவரைப் பழைய மாணவர் என்று கொள்ளலாமோ என்று குவேக்கர்ஸ் ஹில்லில் சங்கத் தலைவர் விக்னராஜாவின் வீட்டில் செயற்குழு கூடிக் கூடி வாதாடியது. இடையில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் பிடித்த பெனால்ரியை எல்லாரும் கண்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்பும் வகுப்புத்தானே என்று தீர்மானம் நிறைவேறியது.

அவர் ஊரை விட்டு வெளிக்கிடும்போது மனைவி வசந்தினி வயிற்றுப்பிள்ளைக்காரி. அந்தப் பிள்ளை இப்போது தாயின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். ஜசிந்தனின் விசாவோ வேலை செய்ய விடும், வரி கட்ட விடும், நாட்டை விட்டுப் போனால் மட்டும் திரும்பி வர விடாது. கோழி ஃபக்ரறியில் வேலை, வாடகை அறை, ஒவ்வொரு நாளும் போனில் வீடியோக் கோல், ஞாயிற்றுக்கிழமை கோல்கம்பம். வருசங்கள் அப்படியே போய்விட்டன. இப்படிப் போன வருசங்களை இங்கே யாரும் எண்ணுவதில்லை, எண்ணினால் விசர் பிடிக்கும்.

பாரம் தொடங்கியது நேரலை வந்த பிறகுதான். அதற்கு முந்திய வருசம் இரண்டு கொலிச்சுகள் மைதானத்தில் அடிபட்டு, முதலில் கை வைத்தது யார் என்று கடைசிவரை தீர்க்க முடியாமல் போனதால், இனி எல்லா ஆட்டமும் யூரியூப்பில் நேரடியாகப் போக வேண்டும் என்று லீக் சட்டம் போட்டது. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் விளம்பரத்துக்காகக் கமரா வாங்கிக் கொடுத்தார். முதல் ஆட்டத்திலேயே ஜசிந்தனின் கால் எழும்பவில்லை. வயசு என்றார்கள், குளிர் என்றார்கள், கோழி ஃபக்ரறியின் ஈரம் என்றார்கள். பழைய மாணவரான டொக்ரர் ஆனந்தராஜா வீட்டுக் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து கோல்கம்பத்தடியில் வைத்து அவரை ஏற்றினார். நேரலையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை கூட முள்ளும் கூடியது, குறைய முள்ளும் இறங்கியது. டொக்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரத்த அழுத்தம் நோர்மல் என்றார். மைதானத்துக்கு வருகிறவர்களால் ஒரு பாரமும் இல்லை என்பதும் அன்றைக்கே தெரிந்தது. அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதேயில்லை, தின்ன றோல்ஸ் விற்கிற மேசையைச் சுற்றி நின்று கொலிச் பிளே-ஓஃப் போகுமோ போகாதோ என்று வாதாடுவார்கள். கோல் விழுந்தால் யார் அடித்தது என்று பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்பார்கள்.

பிறகென்ன, கொலிச் இரண்டாகப் பிரிந்தது. தலைவர் விக்னராஜாவுக்குப் பார்வையாளர்தான் உயிர். போட்டிக் கொலிச்சின் நேரலையை இன்னும் கூடுதலான பேர் பார்க்கிறார்கள் என்பதே அவருக்கு நித்திரையில்லாத கவலை. தோற்றாலும் உலகம் முழுக்கக் கொலிச்சின் பெயர் போகுதல்லோ என்பார். அணி முகாமையாளர் அருந்தவன், நாங்கள் தோற்கிறதை உலகம் முழுக்கக் காட்டுறதுக்கு ஏன் இவ்வளவு பாடு, பேசாமல் எல்லாரும் பார்க்கிறதை விட்டால் பிளே-ஓஃப் போகலாம் என்பார். கார் நிறுத்துமிடத்திலும் கலியாண வீடுகளிலும் செத்தவீட்டிலும் இந்த ஒரு கதைதான். இரண்டு குளிர்காலம் இப்படிக் கதைத்துக் கதைத்தே போனது. ஜசிந்தனை ஒருவரும் கேட்கவில்லை. அவரும் ஆட்டம் முடிய பூட்ஸில் ஒட்டின மண்ணைத் தட்டிப்போட்டு ரயிலேறிப் போய்விடுவார்.

மூன்றாம் குளிர்காலத்தில் கொலிச் நாலாம் இடத்துக்குக் கிட்ட வந்து நின்றது. அருந்தவன் பொறுக்க மாட்டாமல் எல்லா வட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள் அனுப்பினார்: கொலிச்சின் வெற்றிக்காக இந்த ஞாயிறு ஒருவரும் நேரலையைத் திறக்க வேண்டாம். எங்கட சனத்துக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாமோ? திறக்க வேண்டாம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாருக்குச் சோறு இறங்கும்? ஒஸ்லோக்காரர் திறந்தது லண்டன்காரர் திறக்கிறாரோ என்று பார்க்க, லண்டன்காரர் திறந்தது ரொறன்ரோக்காரரைப் பிடிக்க. கொலிச்சின் சரித்திரத்தில் அவ்வளவு பேர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஜசிந்தன் முழங்கால் வரை புதைந்து போனார். பந்துகள் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன. விக்னராஜா மட்டும் எண்ணிக்கையைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த யோசனை யாருடையது என்று இப்போது இரண்டு கட்சியும் உரிமை கேட்கின்றன. நேரலையை நிறுத்த லீக் விடாது. ஆனால் அதில் என்ன சத்தம் போக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆகவே ஆட்டம் தொடங்கி முடியும் வரை, வர்ணனைக்குப் பதிலாகத் தலைவர் உரை நிகழ்த்துவார் என்று முடிவாயிற்று. விக்னராஜா உண்மையிலேயே சந்தோசப்பட்டார். சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பைத் திருத்த வேண்டிய அவசியம் பற்றி அவருக்குக் கன காலமாகச் சொல்ல இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மனுசன் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் லண்டன் போனது, பின்னாலேயே ரொறன்ரோவும் போனது. கடைசியில் எண்ணிக்கை ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்று மட்டும் அசையவில்லை. ஜசிந்தனும் அசைய முடியாமல்தான் நின்றார். முந்தி அத்தனை பேரும் சேர்ந்து ஏற்றின பாரம் கிட்டத்தட்ட அந்த ஒன்றிலேயே இருந்தது. அன்றைக்கும் தோல்வி. பிளே-ஓஃப் போவதற்கு இனி மிச்சமிருந்த எல்லா ஆட்டத்தையும் வெல்ல வேண்டும்.

அந்த ஒன்று யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. இங்கே ஞாயிறு மத்தியானம் என்றால் அங்கே காலை, வசந்தினி பூசை முடிந்து வந்து போனைக் குசினி யன்னலில் சாத்தி வைத்துவிட்டு, சத்தத்தை நிற்பாட்டிப்போட்டுப் பார்ப்பாள். அருந்தவன் அவளுக்குப் போன் எடுத்து, நல்ல மாதிரியாக, தங்கச்சி, அதுதான் ஒவ்வொரு நாளும் வீடியோவில கதைக்கிறியளே, பிறகேன் இதையும் பார்க்கிறியள் என்று கேட்டார்.

"வீடியோவில முகம்தானே அண்ணா தெரியுது," என்றாள் வசந்தினி. "இருந்துகொண்டு, சாப்பிட்டன், படுக்கப்போறன் எண்டுவார். ஞாயிற்றுக்கிழமையிலதான் அந்த மனுசன் நடக்கிறதைப் பாக்கிறன். பிள்ளையும் ஒருநாளும் தகப்பன் நேரில நடந்து கண்டதில்லை."

அருந்தவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். ஆனால் முகாமையாளர் முகாமையாளர்தானே. கொலிச்சின் மானம், கன வருசக் கனவு, இன்னும் கொஞ்சக் கிழமைதான் என்று சொல்லி முடித்தார். ஓமண்ணா, நான் இனிப் பாக்கமாட்டன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். ஜசிந்தனிடம் சொன்னபோது அவர், சரி அண்ணை என்றார். அவள் பார்ப்பது தன் காலில் தெரியும் என்றும், கிழமையில் மிச்ச நாளெல்லாம் காலில் ஒன்றும் தெரியாது என்றும் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லி என்ன பிரயோசனம் என்று எப்போதோ அவருக்குத் தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு கொலிச் வென்றது. விக்னராஜா யாப்பை முடித்துக் கணக்கறிக்கைக்கு வந்தார். நேரலையில் பூச்சியம். ஜசிந்தன் ஒரு கம்பத்திலிருந்து மற்றக் கம்பத்துக்கு மிதந்து போய்ப் பந்தை எடுத்தார், மூலை உதையால் வந்ததை மேலேயே போய்ப் பிடித்து ஆற அமர இறங்கினார். பிளே-ஓஃப் வந்தது, அரையிறுதியும் வெற்றி. ஒவ்வொரு கிழமையும் இறங்க எடுக்கும் நேரம் கூடிக்கொண்டு போனதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பயிற்சி முடிய ஆனந்தராஜா தராசில் ஏற்றிப் பார்த்தபோது முள் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. டொக்ரர், இரத்த அழுத்தம் இப்பவும் நோர்மல்தான் என்றார்.

இறுதியாட்டம் மெல்பேர்ன்காரரோடு, பிளாக்டவுனில். கடைசி நிமிசங்கள் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. உயர வந்த ஒரு பந்தை ஜசிந்தன் எழும்பிப் பிடித்தார், பிடித்தவர் இறங்கவில்லை. கம்பத்துக்கு மேலே போனார், வலைக்கு மேலே போனார், விளக்குக் கம்பத்தின் அரைவாசிக்கு வந்து பந்தை நெஞ்சோடு அணைத்தபடி இன்னும் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தார். நடுவர் விதிப்புத்தகத்தை மனத்துக்குள் புரட்டிவிட்டு, பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது என்று கையைக் காட்டினார். றோல்ஸ் மேசையடியில் நின்றவர்கள் முதல்தடவையாக மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய் ஜசி, இறங்கி வாடா," என்றார் அருந்தவன்.

"பரவாயில்லை அண்ணை," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "இஞ்ச ஒரு அலுப்பும் தெரியேல்ல."

அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் அருந்தவனைப் பயப்படுத்தியது. பார்க்கச் சொல்லு, எல்லாரையும் பார்க்கச் சொல்லு என்று கத்தினார். பார்த்தார்கள். லண்டன் வந்தது, ரொறன்ரோ வந்தது, ஒருநாளும் கால்பந்து பார்க்காதவர்களும் வந்தார்கள், எண்ணிக்கை விக்னராஜா கனவிலும் காணாத இடத்துக்குப் போனது. ஜசிந்தன் இறங்கவில்லை. அவர்கள் பார்த்தது ஆகாயத்தில் ஒரு அதிசயத்தை, ஜசிந்தனை அல்ல. அதில் ஒரு பாரமும் இல்லை. விக்னராஜா கணக்கறிக்கையை நடுவில் விட்டுவிட்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார். வாழ்க்கையில் அவர் மைக்கோடு பேசாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

அருந்தவன் வசந்தினிக்குப் போன் எடுத்தார். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி இத்தனை கிழமையும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை அலுமாரிக்குள் வைத்திருந்தவள். மணிச்சத்தம் கேட்டு எடுத்தாள். தங்கச்சி, பாருங்கோ, இப்பவே பாருங்கோ என்றார்.  அவள் மகளின் போனில் நேரலையைத் திறந்தாள். போனில் அவளுடைய குரல் வந்தது, அருந்தவன் ஸ்பீக்கரைப் போட்டு உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ. என்னத்துக்கு மேல நிக்கிறியள்? காலைக் கீழ வையுங்கோ. நான் பாக்கிறன், பிள்ளையும் பாக்கிறாள்."

ஜசிந்தன் வந்தார். இறங்கி வந்தார் என்று சொல்வதா விழுந்தார் என்று சொல்வதா தெரியவில்லை, இரண்டு காலும் கெண்டைச்சதை வரை மண்ணுக்குள் போக வந்து நின்றார். அந்த அதிர்ச்சியில் பந்து கையை விட்டுப் போனது. மெல்பேர்ன்காரன் ஒருவன் ஓடிவந்து அதைத் தட்டி உள்ளே விட்டான். நடுவர் கோல் கொடுத்தார். கொலிச் தோற்றது. ஜசிந்தன் அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு காலாக மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்து, கோல்கம்பத்திலிருந்து மூலைக்கொடி வரை நடந்தார், அங்கிருந்து திரும்பி நடந்தார். அழுதுகொண்டுதான் நடந்தார், மறைக்கவில்லை. கமராக்காரன் கொஞ்சமும் யோசிக்காமல் கமராவை அவருடைய காலோடு கொண்டுபோனான். அன்றைக்கு ஒருவரும் அவரை ஏசவில்லை. அருந்தவன் மட்டும் இன்னொரு தரம் நடந்து போய்வாடா என்றார்.

கொலிச் அதற்குப் பிறகு பிளே-ஓஃப் பக்கம் போகவில்லை. பட்டியலில் கடைசியில் கிடக்கிறது, சனம் வழக்கம்போல வாதாடுகிறது. ஆட்டம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நேரலையை விடுவது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அந்த நேரத்தில் ஜசிந்தன் நடப்பார். பிறகு மெல்பேர்ன் பக்கத்து டண்டினொங்கிலிருந்து ஒருவர் வந்து, தனக்குக் கால்பந்து விளையாடத் தெரியாது, ஆனால் கொஞ்சம் நடக்கலாமோ என்று கேட்டார். இப்போது அதே மாதிரி விசாவோடு இருக்கிற ஆட்கள் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறார்கள், போனில் வீட்டுக்குச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கோட்டோரம் நடக்கிறார்கள். ஒவ்வொருவரையும் ஒரு வீடுதான் பார்க்கிறது. என்றாலும் கால் ஆழமாகத்தான் பதிகிறது. திங்கட்கிழமைகளில் கவுன்சில்காரர் லொறியில் வந்து, அந்தக் குழிகளை மண் போட்டு நிரப்பிவிட்டுப் போவார்கள்.