பெட்டிக்குள் ஒரு பெண்குரல்

பத்து நிமிஷ வேலை என்று மனைவியிடம் சொன்ன வாய்க்கு இன்றோடு ஒன்பதாவது நாள்.

புகழேந்தி சென்னைக் கம்பெனி ஒன்றுக்குச் செங்கம் ரோட்டு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவன். பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனபோது அடி அண்ணாமலைக் கடையில் வாங்கிய கையடக்கப் பாட்டுப்பெட்டி அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதக் குழந்தை வேதா அது பாடினால்தான் தூங்குவாள். அதே பாட்டைப் போனில் போட்டால் முறைப்பாள். பெட்டியோ அரை மணியில் தானாக அணையும். அணையும்போது உள்ளேயிருந்து ஒரு பெண், "பவர் ஆஃப்" என்று தெருவுக்கே அறிவிப்பாள். வேதா எழுந்துவிடுவாள். மனைவி மதிவதனியின் புத்தகம் மூடிக்கொள்ளும். குரூப் டூ தேர்வுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. மகள் தூங்கும் மதியத்தை விட்டால் அவளுக்குப் படிக்க நேரமில்லை.

"ஏங்க, அந்தப் பத்து நிமிஷம் முடிஞ்சுதா?" என்று தினமும் கேட்டாள்.

பெட்டியின் மென்பொருளிலிருந்து அந்தக் குரலைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். தயாரித்தவர்களின் தளத்தில் ஃபைல் கிடைத்தது. திறந்தால் அத்தனையும் குப்பை; யாரும் படிக்க முடியாதபடி எழுத்துகளைக் கலைத்துப் பூட்டியிருந்தார்கள். கடைத்தெருப் பெட்டிக்கு வங்கி லாக்கர் பூட்டு. எட்டு நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். மலையைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

இன்று காலையில்தான், ஃபைலின் கடைசியில் ஒரே பதினாறு எழுத்து திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. அங்கே பூட்டுவதற்கு எதுவுமில்லை. காலி இடத்தையும் விடாமல் பூட்டிய புண்ணியவான், சாவியையே அங்கே அச்சடித்து வைத்திருந்தான். சாவியைப் போட்டதும் குரல் அகப்பட்டது. அதன் இடத்தில் மௌனத்தை வைத்து, மறுபடி பூட்டி, மெமரி கார்டில் ஏற்றினான். பெட்டி ஏற்க மறுத்தது. ஃபைலைத் தொட்டால் கூடவே மாற்ற வேண்டிய சரிபார்ப்பு எண்ணை மாற்ற மறந்திருந்தான். தலையில் அடித்துக்கொண்டு மாற்றினான். ஏற்றது.

மதியம் பெட்டி பாடியது. அரை மணியில் விளக்கு மட்டும் சத்தமில்லாமல் அணைந்தது. வேதா அசையவில்லை. மதிவதனி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"பாத்தியா, எப்டி!" என்று கத்திவிட்டான் புகழேந்தி.

வேதா எழுந்தாள்.

மதிவதனி அவனை நிதானமாகப் பார்த்தாள். "அந்தம்மாவாவது ரெண்டு வார்த்தையில முடிச்சிக்கினு போனாங்க. உங்க வாய்க்குச் சாவி எங்க இருக்குதுனு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

அழுகிற மகளைத் தோளில் போட்டு, பெட்டியைச் சட்டைப்பையில் வைத்து, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியேறினான். மரநிழல் பார்த்து நடந்து, அதே ரோட்டிலிருக்கும் ஆசிரமத்தைத் தாண்டுவதற்குள் வேதா தூங்கியிருந்தாள். பெட்டியைப் போட மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஒன்பது நாளுக்காகத் தன்னையே வாய்விட்டுத் திட்டத் தோன்றியது. வாயை இறுக மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான்.