கொமுகியின் வாயில் போலிச் சீட்டு

சப்போரோவில் ஒரு கால்நடை மருத்துவமனையில் ஷிசுயே நாய்களின் புற்றுநோயைக் கவனித்துவந்தாள். ஒனோதேரா என்ற பெரியவர் தன் குட்டைக்கால் நாய் கொமுகியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதன் ஈறில் நாவற்பழம் போலக் கட்டி கறுத்திருந்தது. சதையைச் சோதித்ததில், புது மருந்து ஆய்வுக்காக அவள் தேடிய அடையாளம் இருந்தது.

"உடம்புக்குள்ள காவல் அணுக்கள் இருக்குங்க ஐயா. புத்துநோய் அணு, 'நானும் நம்மாளுதான்'னு ஒரு போலிச் சீட்டக் காட்டித் தப்பிச்சுக்குது. இந்த மருந்து அந்தச் சீட்ட மறைச்சிடும்."

எளிமையாகச் சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். ஒனோதேராவின் முகம் சிவந்தது. முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலைய வாசலில் டிக்கெட் பார்த்தவர் அவர்.

"போலிச் சீட்டா? என் நாய்க்குள்ளயா?"

முதல் ஊசியன்று பழைய சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக வந்தார். மருந்து சொட்டச் சொட்ட, கொமுகியின் வாய்க்கு நேரே குனிந்து, "டிக்கெட்! எல்லாரும் டிக்கெட்ட எடுங்க!" என்று முழங்கினார்.

"ஐயா, அதுங்களுக்குக் காது கேக்காது."

"கேக்காத மாதிரி நடிக்கும் டாக்டரம்மா. இப்படி எத்தன பேரப் பாத்திருக்கேன்!"

ஆறாவது வாரம் கட்டி பாதியாகச் சுருங்கியது. ஷிசுயே ஓடிப்போய் ஆய்வுத் தலைவர் மொரிவாகியிடம் சொன்னாள். அவர் மகிழவில்லை.

"மத்த பன்னெண்டு நாய்க்கும் யாரும் கத்தலையே? ஒண்ணு கொமுகிய ஆய்வுலேருந்து நீக்கணும், இல்லன்னா எல்லாத்துக்கும் கத்தணும்."

"விளையாடுறீங்களா சார்?"

"ஆய்வுக் குழு கத்துறதுக்கு ஒத்துக்கிட்டாச்சும்மா. சத்தத்த மட்டும் அளந்து எழுதிக்க."

கொமுகியைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. எல்லா நாய்க்கும் கத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் பதின்மூன்று நாய்களின் வாயெதிரிலும் ஒனோதேரா முழங்க, பக்கத்தில் ஒலிமானியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வராமலிருக்கக் கன்னத்தைக் கடித்துக் கடித்து உள்ளே புண்ணாகிவிட்டது.

வசந்தம் வந்தபோது மூன்று நாய்களுக்குத்தான் கட்டி குறைந்திருந்தது. கொந்தா என்ற கிழட்டு லாப்ரடார் இறந்துபோனது. ஒனோதேரா சீருடையோடு அதன் எஜமானி தபாதாவின் வீட்டுக்குக் கிளம்பினார். தடுக்க முடியாமல் ஷிசுயேயும் கூடப் போனாள்.

வாசலிலேயே அவர் இடுப்பு வரை குனிந்தார். "மன்னிச்சிடுங்கம்மா. அந்தப் போலிச் சீட்டுக்காரனுங்க என் கண்ணுல மண்ணத் தூவிட்டுப் போயிட்டானுங்க."

தபாதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கத்துறப்பல்லாம் கொந்தா வாலாட்டுவான்," என்றாள் தபாதா. "இந்தக் குளிர்காலம் பூரா அவன் வாலாட்டினது அப்ப மட்டுந்தான். உள்ள வாங்க ரெண்டு பேரும், இப்பதான் டீ போட்டேன், ஆறிடும்."