வேலைச் சட்டை

இரண்டாவது முறையும் சோப்புப் போட்டுக் கசக்கினாள். காலர் மடிப்பிலிருந்து வாடை போகவில்லை.

முன்னறையில் அவள் கணவர் கிடந்தார். ஆலை கேட்டில் வேலைநிறுத்தக் காவல் முறை என்று நேற்றுப் போனவர், காலையில் திரும்பி வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தார். அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டார். டாக்டர் தலையை ஆட்டியபோது, ஒரு காலில் இன்னும் ஷூ இருக்கிறதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

விஸ்கி ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி நாற்பத்து மூன்று நாள். இருபத்தாறு வருடமாக ஊறல் தொட்டிகள் அவர் பொறுப்பு. புளித்த பார்லி வாடை அவரோடு வீட்டுக்கு வரும், சாப்பிடும், தலையணையில் படுக்கும். வேலை நின்ற பத்தே நாளில் அது போய்விட்டது. யாரோ புது ஆள் பக்கத்தில் படுத்திருப்பதுபோல அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. இன்று அவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தபோது பழைய ஆள் திரும்பி வந்திருந்தார்.

அப்போதுதான் புரிந்தது. காவல் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் உள்ளே வேலைக்குப் போயிருக்கிறார். எத்தனை நாளாக, எதற்காக என்று இனி யாரைக் கேட்பது? கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். அழுகை வருகிறதா என்றும் பார்த்தாள். வாளித் தண்ணீர் சில்லென்றிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

"அவன் சட்டைய இப்பவே துவைக்கணுமா?" அவருடைய அக்கா வாசற்படியில் நின்று கேட்டாள். "ஒரு சொட்டு அழுதுட்டாவது துவையேன்."

"அழுக்கா இருந்துச்சு."

ஆலையில் ஒருவர் இறந்தால் அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்காமல் கேட்டில் மாட்டுவார்கள். ஒவ்வொருவராக வந்து அதில் முகம் புதைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போவார்கள். ஊறல் பதமாகிவிட்டதா என்று மூக்கால் சொல்லும் ஆட்கள். பழைய வாடை எது, நேற்றைய வாடை எது என்று அவர்களுக்குத் தெரியாதா? கருங்காலி என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், இருபத்தாறு வருடமும் போச்சு. வேறு சட்டையைக் கொடுக்கலாமென்றால் அதுவும் இல்லை. இன்னொன்றை முதல் வாரமே மேனேஜரின் கொடும்பாவிக்குப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அவள் கணவரே கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.

தெருவில் வண்டி நின்றது. நெட்டை மட்டும் இறங்கி வந்தார். கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்.

"தங்கச்சி, சட்டை வேணும்மா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"துவைச்சிட்டேண்ணே."

"துவைக்கக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

நெட்டை அவளையே பார்த்தார். பிறகு வாளியிலிருந்து சட்டையை எடுத்துப் பிழிந்து, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். நாசி விரிந்தது. இன்னொரு முறை முகர்ந்தார். சட்டையிலிருந்து நீர் அவர் முழங்கை வழியாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்னறை வாசல்வரை போய் நின்றார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா, குள்ளா."

திரும்பி வந்து, சட்டையை வாளிக்குள்ளேயே போட்டார். தான் போட்டிருந்த நீல வேலைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"அண்ணே, உங்க சட்டை அவருக்கு முழங்கால் வரைக்கும் வருமே."

"அடியில மடிச்சு கேட்டுல மாட்டிடறேன். அளந்து பாக்கவா வர்றானுங்க?"

"மோந்து பாப்பாங்களே."

"பாக்கட்டும். நாப்பத்து மூணு நாளு வெயில்ல உக்காந்த வேர்வை. ஒருத்தனும் ரெண்டாவது மூச்சு இழுக்க மாட்டான்."

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "குடை தரட்டுமா?" என்றாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"வேணாம்மா. நீ போயி அவன் பக்கத்துல உக்காரு."

அவள் உட்காரவில்லை, ஜன்னலருகே நின்றாள். நெட்டை நீலச் சட்டையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தபடி தெருவைக் கடந்தார். முதுகுப் பக்கம் பனியன் கிழிந்திருந்தது. வண்டியில் இருந்த யாரோ அவர் வெறும் பனியனைக் காட்டி ஏதோ கேட்டார்கள். சட்டையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, நெட்டை சிரித்தார்.